"நாலு சர்வர் ஓடுதே, பேக்கப் எதுக்கு?"

தரவுத்தளங்களைப் பராமரிக்கும் என் தொழிலில் இரண்டு வகை வேலைகள் உண்டு. ஒன்று வேகத்தைக் கூட்டுவது, எங்கள் பாஷையில் டியூனிங். இன்னொன்று காப்பு நகல் எடுத்து வைப்பது, அதாவது பேக்கப். முதல் வேலையைச் செய்தவனுக்கு மாலை, இரண்டாவதைச் செய்தவனுக்கு மூலை. நான் வேலை பார்த்த, பார்க்கப் போன அலுவலகங்கள் அத்தனையிலும் இதுதான் வழக்கம். இந்த வழக்கம் ஆபத்தானது என்பதே என் கட்சி. அதிலும், டைரக்டரி சர்வர் எனப்படும் ஒரு வகைத் தரவுத்தளத்தில் இது ஒரு நிறுவனத்தையே தெருவில் நிறுத்திவிடக்கூடியது.

டைரக்டரி என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். காலையில் அலுவலகம் போய்ப் பெயரும் கடவுச்சொல்லும் அடிக்கிறீர்கள். "இவர் நம்மாள்தானா, இவருக்கு எதையெல்லாம் திறந்து காட்டலாம்" என்று அந்தக் கணினி எங்கோ ஓரிடத்தில் கேட்கிறது. மின்னஞ்சல், வைஃபை, சம்பளச் சீட்டு எல்லாமே அதே இடத்தில்தான் கேட்கின்றன. அந்த இடம்தான் டைரக்டரி. 1988ல் எக்ஸ்.500 என்ற பெயரில் இதற்கொரு பிரம்மாண்டமான தரநிலை வந்தது. அதைத் தூக்கிச் சுமக்க முடியாமல், மிஷிகன் பல்கலைக்கழகத்தில் டிம் ஹவ்ஸும் கூட்டாளிகளும் இலகுவான ஒரு வடிவத்தை உருவாக்கினார்கள். 1993ல் அது எல்டாப் என்ற பெயரில் வெளிவந்தது. இன்று லினக்ஸ் பக்கம் ஓப்பன்எல்டாப், விண்டோஸ் பக்கம் ஆக்டிவ் டைரக்டரி என்று அதன் வம்சம்தான் உலகமெங்கும் ஓடுகிறது.

சம்பளத் தரவுத்தளம் படுத்தால் சம்பளம் மட்டும் நிற்கும். டைரக்டரி படுத்தால் எல்லாம் நிற்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வேகம் கூட்டும் வேலையை நான் மட்டம் தட்டவில்லை. அது அசல் வேலைதான். ஓப்பன்எல்டாப் பல வருடங்கள் பெர்க்லி டிபி என்ற தரவுத்தள நூலகத்தின் மேல்தான் ஓடியது. அந்த நூலகம் யாரும் எதுவும் சொல்லாவிட்டால் தனக்கென்று ஒதுக்கிக்கொள்ளும் கேஷ் வெறும் 256 கிலோபைட். நாலு லட்சம் பதிவுகள் உள்ள டைரக்டரியை அதில் ஓட்டினால், குடத்துத் தண்ணீரை ஸ்பூனால் இறைக்கும் கதைதான். சர்வர் திணறும். ஆட்கள் "எல்டாப்பே ஸ்லோ சார்" என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். விஷயம் தெரிந்தவன் வந்து கேஷை ஏற்றுவான். பெர்க்லி டிபிக்கு ஒரு கேஷ், சர்வரே வைத்துக்கொள்ளும் பதிவுகளுக்கு இன்னொன்று, இன்டெக்ஸ் பட்டியல்களுக்கு மூன்றாவது. இந்த மூன்றையும் இருக்கிற மெமரிக்குள் சமன் செய்தவனை நிபுணன் என்றோம்.

இன்டெக்ஸும் அப்படித்தான். மின்னஞ்சல் முகவரியை வைத்து ஆளைத் தேடும்போது அதற்கு இன்டெக்ஸ் இல்லையென்றால், சர்வர் நாலு லட்சம் பதிவையும் ஒவ்வொன்றாகப் புரட்டும். ஒரு வரி சேர்த்தால் கண்சிமிட்டும் நேரத்தில் பதில் வரும். ஆனால் கண்டதற்கெல்லாம் இன்டெக்ஸ் போட்டால் ஒவ்வொரு எழுத்துக்கும் கூடுதல் சுமை. எல்லாப் பதிவிலும் இருக்கிற ஒரு பண்புக்கு "இருக்கிறதா" என்று இன்டெக்ஸ் போடுவதால் நயா பைசா பயன் கிடையாது. பழைய பதிப்புகளில் இன்னொரு சூட்சுமம் உண்டு. ஓர் இன்டெக்ஸ் மதிப்பின் கீழ் சுமார் 65,000 பதிவுகளுக்கு மேல் சேர்ந்துவிட்டால், சர்வர் தனித்தனிப் பட்டியலைக் கைவிட்டு "இந்த எண்ணிலிருந்து அந்த எண் வரை" என்று தோராயமாக மட்டும் குறித்துக்கொள்ளும். சின்ன டைரக்டரியில் பறந்த தேடல் பெரியதில் ஏன் முடங்கியது என்று தெரியாமல் பல பேர் முழித்தது இதனால்தான்.

இதையெல்லாம் கற்றுக்கொள்ள எனக்கே பல வருடம் பிடித்தது. ஆனால் அந்த அறிவுக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். பெர்க்லி டிபியை உருவாக்கிய நிறுவனத்தை ஆரக்கிள் 2006ல் வாங்கியது. 2013ல் உரிம விதிகளை மாற்றியது. ஓப்பன்எல்டாப்பின் தலைமை வடிவமைப்பாளர் ஹாவர்ட் சூ அதற்கு முன்பே, 2011ல், எல்எம்டிபி என்ற புதிய நூலகத்தை எழுதிவிட்டார். அது கோப்பை அப்படியே மெமரியில் விரித்துக்கொள்கிறது. தனக்கென்று கேஷே வைத்துக்கொள்வதில்லை, அதை இயங்குதளம் பார்த்துக்கொள்ளும். 2021ல் வந்த 2.5 பதிப்பில் பழைய பெர்க்லி வழிகளைத் தூக்கியே விட்டார்கள். மூன்று கேஷ்களைச் சமன் செய்யும் வித்தை அன்றோடு பரணுக்குப் போனது.

பரணுக்குப் போகாத ஒன்று உண்டு. ஸ்லாப்கேட் என்ற சின்ன நிரல், டைரக்டரி முழுவதையும் வரிவரியாக ஓர் எழுத்துக் கோப்பாக எழுதித் தரும். அந்த வடிவத்துக்கு எல்டிஐஎஃப் என்று பெயர், 2000ல் தரநிலையாக வந்தது. பெர்க்லி காலத்தில் எடுத்த அந்தக் கோப்பை இன்றைய எல்எம்டிபியில் ஏற்றலாம். ஸ்கீமாவில் சில இடங்களைச் சரிசெய்ய வேண்டியிருக்கும், அவ்வளவுதான். டியூனிங்கில் நாங்கள் போட்ட உழைப்பு ஒரு மென்பொருளின் ஒரு பதிப்போடு செத்தது. மூலையில் உட்கார்ந்திருந்தவன் எடுத்து வைத்த எழுத்துக் கோப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. யாருக்கு மாலை போட்டிருக்க வேண்டும்?

டியூனிங்கின் மீது எனக்குள்ள உண்மையான புகார் வேறு. அது பல இடங்களில் பாதுகாப்பைத் தின்று வேகத்தைக் காட்டுகிறது. ஓப்பன்எல்டாப்பில் ஒரு சொடுக்கு இருக்கிறது. அதைப் போட்டால், மாற்றம் வட்டில் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமலேயே "எழுதியாச்சு" என்று சர்வர் சொல்லிவிடும். எழுதும் வேகம் பல மடங்கு எகிறும், அறிக்கையில் அழகான கோடு மேலே ஏறும். மின்சாரம் போனால்தான் தெரியும், கடைசி மாற்றங்கள் போயிருக்கும், சில வேளைகளில் தரவுத்தளமே கெட்டிருக்கும். கையேடு இதை ஒளிக்கவில்லை, வேகத்துக்கு விலை பாதுகாப்பு என்று நேராகவே சொல்கிறது. படித்தும் போடுகிறார்கள். ஏனென்றால் அந்தக் கோடு ஏறியதை மேலதிகாரி பார்ப்பார். மின்சாரம் போகும்போது ஆலோசகர் வேறு கம்பெனியில் இருப்பார்.

மேலதிகாரிகளோடு நடக்கும் உரையாடல் எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

"சார், பேக்கப்பை ரீஸ்டோர் பண்ணிப் பாக்க ஒரு மெஷின் வேணும்."

"போன வருஷம் ஏதாவது போச்சா?"

"போகல சார்."

"அப்புறம் என்ன? நாலு சர்வர் ஓடுதே. ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கு. பேக்கப் எதுக்கு?"

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். ஸ்லோவான சர்வர் தினமும் அழும். எடுக்காத பேக்கப் அழுவதே இல்லை.

இந்த "நாலு சர்வர்" வாதத்தை முழுசாக உடைக்க வேண்டும், ஏனென்றால் படித்தவர்களே இதை நம்புகிறார்கள். டைரக்டரியின் பிரதிகளை ரெப்ளிகா என்கிறோம். ஒன்றில் செய்யும் மாற்றம் மற்றவற்றுக்கும் சில நொடிகளில் போய்ச் சேரும். வட்டு உடைந்தால், மதர்போர்டு எரிந்தால், ரெப்ளிகா காப்பாற்றும். சந்தேகமே இல்லை. ஆனால் அழிக்கச் சொல்லும் கட்டளையும் ஒரு மாற்றம்தான். அதையும் அதே விசுவாசத்தோடு, அதே வேகத்தில், நாலு சர்வருக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

ஒரு கல்வி நிறுவனத்துக்கு விபத்து நடந்த மறுநாள் என்னைக் கூப்பிட்டார்கள். பெயர் வேண்டாம். படிப்பு முடித்துப் போனவர்களின் கணக்குகளை நீக்க ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருந்தார்கள். அதில் வடிகட்டும் நிபந்தனை தப்பு. போனவர்களோடு இருப்பவர்களும் போய்விட்டார்கள், பல ஆயிரம் பேர். நாலு சர்வரிலும். "பேக்கப் இருக்கு சார், தினமும் ராத்திரி ஓடுது" என்றார் அங்கிருந்த தம்பி. இருந்தது. திறந்து பார்த்தால் உள்ளே 500 பதிவுகள்.

காரணம் எளிது. ஸ்லாப்கேட்டைப் பயன்படுத்தாமல், சாதாரணத் தேடல் கட்டளையால் எல்லாவற்றையும் கேட்டுக் கோப்பில் சேமித்திருந்தார்கள். ஒரு தேடலுக்கு 500 பதிவுகளுக்கு மேல் தருவதில்லை என்பது ஓப்பன்எல்டாப்பின் இயல்பான வரம்பு. அந்தக் கட்டளை ஒவ்வோர் இரவும் "வரம்பு தாண்டியது" என்று பிழை எண்ணோடுதான் முடிந்திருக்கிறது. அதைப் படிக்க ஆளில்லை. அந்த 500லும் கடவுச்சொல் கிடையாது. பேக்கப் எடுத்த கணக்குக்குக் கடவுச்சொல்லைப் பார்க்க அனுமதி இல்லாததால், சர்வர் ஒழுங்காக அதை மறைத்துவிட்டிருந்தது. ஒவ்வொரு பதிவுக்கும் சர்வர் தானாகப் போடும் தனி அடையாள எண்ணும் இல்லை. கேட்டால்தான் தரும், யாரும் கேட்கவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்களே, அதுதான் இது.

தேர்வு நேரம் வேறு. சேர்க்கைப் பதிவேட்டை வைத்துக் கணக்குகளைத் திரும்ப உருவாக்கினார்கள். எல்லோருக்கும் புதுக் கடவுச்சொல். அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். இரண்டு குமாஸ்தாக்கள் நாள் முழுக்கத் தட்டச்சு செய்தார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் பின்னால் வந்தது. கோப்பு சர்வரில் ஒவ்வொரு கோப்பும் உரிமையாளரை ஓர் எண்ணாகத்தான் நினைவில் வைத்திருக்கும், எந்த எண் எந்த ஆள் என்பது டைரக்டரியில் இருக்கும். பழைய எண்கள் போனதால், ஆராய்ச்சி மாணவர்களின் கோப்புகள் பத்திரமாக இருந்தன, யாருடையவை என்று சொல்லத்தான் வழியில்லை. டைரக்டரியின் இழப்பு இப்படித்தான் இருக்கும். பொருள் அப்படியே கிடக்கும், உரிமை போய்விடும்.

இது சின்ன இடத்துக் கதை என்று ஒதுக்கினால் பெரிய இடத்துக் கதையும் இருக்கிறது. 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற தீநிரல் பரவியது. டென்மார்க்கைச் சேர்ந்த மேர்ஸ்க் கப்பல் நிறுவனம் அதில் சிக்கியது. அதன் ஆக்டிவ் டைரக்டரி சுமார் 150 சர்வர்களில் ஒன்றுக்கொன்று பிரதியாக ஓடியது. ஒன்று போனால் 149 இருக்கிறது என்பதுதான் திட்டம். எல்லாம் ஒரே நேரத்தில் போகும் என்று யாரும் திட்டமிடவில்லை. போனது. பத்திரிகையாளர் ஆண்டி கிரீன்பெர்க் இதை விரிவாக எழுதியிருக்கிறார். கானாவில் இருந்த ஒரே ஒரு சர்வர் மட்டும் தப்பியது. அங்கே அந்த நேரத்தில் மின்வெட்டு! அந்தத் தரவை இணையம் வழியாக அனுப்பினால் நாள்கணக்கில் ஆகும் என்பதால், ஓர் ஊழியர் வட்டை எடுத்துக்கொண்டு நைஜீரியா விமான நிலையம் வரை போய் இன்னொருவரிடம் கொடுத்து, அவர் லண்டனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதன் பிறகுதான் மீட்பு வேலை நகர்ந்தது. 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்து நாளில் மறுபடி நிறுவியதாக நிறுவனத் தலைவர் பிறகு சொன்னார். உலகின் மிகப் பெரிய கப்பல் நிறுவனங்களில் ஒன்றைக் காப்பாற்றியது அதன் 150 ரெப்ளிகாக்களா, கானாவின் மின்வெட்டா? வலையிலிருந்து துண்டிக்கப்பட்ட ஒரு நகல்தான் காப்பாற்றியது. அதை யாரும் வேண்டுமென்று எடுத்து வைக்கவில்லை, தற்செயலாக அமைந்தது. தற்செயலாக அமைந்ததைத் திட்டமிட்டுச் செய்வதற்குப் பெயர்தான் பேக்கப்.

"அப்போ ஒரு சர்வரை மட்டும் பழைய நகலிலிருந்து மீட்டால் போதுமே" என்பார்கள். போதாது. நேற்றைய நிலைக்கு மீட்ட சர்வரை மற்ற மூன்றோடு இணைத்தால், "தம்பி, நீ பின்தங்கி இருக்கிறாய்" என்று அவை இன்றைய அழிப்புகளை மறுபடி ஊட்டிவிடும். எல்லாவற்றையும் நிறுத்தி, ஒன்றில் ஏற்றி, மற்றவற்றைக் காலி செய்து, அதிலிருந்து நிரப்ப வேண்டும். ஆக்டிவ் டைரக்டரியில் இதற்கென்றே தனி மீட்பு முறை உண்டு. இதில் இன்னொரு கெடு: நீக்கப்பட்ட பதிவின் அடையாளத்தை அது பொதுவாக 180 நாள்தான் வைத்திருக்கும், அதைவிடப் பழைய பேக்கப்பைக் கொண்டு சர்வரை மீட்கக் கூடாது. இதையெல்லாம் விபத்து நடந்த இரவில் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது.

அப்படியானால் பேக்கப் என்பது எது? என் கணக்கில், பதிவுகள் முழுதும், சர்வரின் உள் அடையாளங்களோடு, எழுத்து வடிவில் இருக்க வேண்டும். சர்வரின் அமைப்பும் ஸ்கீமாவும் தனியாக இருக்க வேண்டும். அவை இல்லாமல் தரவு மட்டும் இருந்தால் ஏற்ற முடியாது. ஒரு நகலாவது வலைக்கு வெளியே இருக்க வேண்டும். அது பூட்டியும் இருக்க வேண்டும். எல்டிஐஎஃப் கோப்பில் கடவுச்சொல் வரி புரியாத எழுத்துகளாகத் தெரியும். "என்கிரிப்ட் ஆகித்தான் சார் இருக்கு" என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. இல்லை. அது பேஸ்64, எழுத்தை வேறு எழுத்தால் எழுதும் முறை மட்டுமே. யார் வேண்டுமானாலும் நொடியில் பிரித்து உள்ளே இருக்கும் ஹேஷை எடுத்துக்கொண்டு உடைக்க உட்காரலாம்.

டியூனிங்கும் பேக்கப்பும் வேறு வேறு ஆள் செய்யும் வேறு வேறு வேலை என்ற எண்ணமே தவறு என்பதற்கும் எல்எம்டிபியே சாட்சி. அதில் ஒருவர் வாசித்துக்கொண்டிருக்கும் வரை, அவர் பார்க்கும் பழைய பக்கங்களை அது மறுபடி பயன்படுத்தாது. அதனால்தான் சர்வரை நிறுத்தாமலே சீரான நகல் எடுக்க முடிகிறது. அதே காரணத்தால், நகல் எடுக்க நேரமானால், அதற்குள் வரும் எழுத்துகளுக்குப் புதுப் பக்கங்கள் தேவைப்பட்டுக் கோப்பு வீங்கும். உச்ச அளவை ஒரு சிக்கனவாதி இறுக்கிப் பிடித்து வைத்திருந்தால் (சொல்லாவிட்டால் அது வெறும் 10 மெகாபைட்), ஒரு கட்டத்தில் இடமில்லை என்று சர்வர் எழுத மறுத்துவிடும். பேக்கப் எடுப்பது தெரியாத டியூனரும் டியூனிங் தெரியாத பேக்கப்காரரும் சேர்ந்து உருவாக்கும் விபத்து இது. அளவைத் தாராளமாக வைத்து, நகலைப் பிரதான சர்வரில் எடுக்காமல் ரெப்ளிகா ஒன்றில் எடுத்தால் தீர்ந்தது. ரெப்ளிகாவுக்கு இப்படியொரு நல்ல உபயோகமும் இருக்கிறது.

"ரொம்பப் பெருசு சார், பேக்கப் எடுக்க முடியாது" என்பது கடைசி அடைக்கலம். 2025 செப்டம்பர் 26 அன்று தென் கொரியாவின் தேஜோன் நகரில் அரசுத் தரவு மையம் தீப்பிடித்தது. அரசு ஊழியர்களின் கோப்புகள் இருந்த சேமிப்பு அமைப்பு, 858 டெராபைட், சாம்பலானது. வெளியே நகல் இல்லை. அதிகாரிகள் சொன்ன காரணம்: அளவு மிகப் பெரியது. பெரிது என்பது நகல் எடுக்காமலிருக்கக் காரணமாகுமா? பெரிது என்பதால்தானே அதைத் திரும்ப உருவாக்க முடியாது! டைரக்டரிகளோ அந்தக் கணக்கில் எறும்பு. சில கோடிப் பதிவுகள் என்றாலும் ஒரு சாதாரண வட்டில் அடங்கும்.

"எல்லாம் கிளவுட்ல இருக்கு" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மைக்ரோசாஃப்ட்டின் மேகக்கணி டைரக்டரியில் நீக்கிய பயனரை 30 நாள் வரை திரும்பப் பெறலாம். 31ஆம் நாள் நினைவுக்கு வந்தால்? வட்டு உடையாமல் பார்ப்பது அவர்கள் பொறுப்பு. தப்பான கட்டளையின் பலன் உங்கள் கணக்கில்தான் விழும்.

என் கோரிக்கை சுருக்கமானது. டியூனிங் செய்யுங்கள், ஆனால் மீட்பை டியூன் செய்யுங்கள். நொடிக்கு எத்தனை தேடல் என்று அளப்பவர்கள், முழு டைரக்டரியையும் காலி சர்வரில் ஏற்ற எத்தனை மணி நேரம் என்பதையும் அளந்து அதே அறிக்கையில் போடுங்கள். ஏற்றும் நிரலில் சரிபார்ப்புகளைக் குறைத்து வேகமாக ஓடும் முறை ஒன்று இருக்கிறது. இடையில் நின்றால் தரவுத்தளம் உதவாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஓடும் சர்வரில் மன்னிக்க முடியாத அந்தத் துணிச்சல், மீட்பில் சரியான புத்திசாலித்தனம். மூலக் கோப்புதான் கையில் இருக்கிறதே. எட்டு மணி நேர மீட்பை இரண்டு மணிக்குக் குறைப்பவனுக்கு மாலை போடுங்கள், நானும் வந்து கை தட்டுகிறேன்.

அந்த ஒத்திகையில் இன்னொன்றும் தெரிய வரும். பேக்கப் சர்வருக்குள் நுழையவே டைரக்டரி வழியாகத்தான் கடவுச்சொல் சரிபார்க்கப்படும், பல இடங்களில். டைரக்டரி போன நாளில் அந்தக் கதவும் பூட்டிக்கொள்ளும். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை. டைரக்டரியை நம்பாத ஓர் உள்ளூர்க் கணக்கு, அதன் கடவுச்சொல் ஓர் உறைக்குள், உறை ஓர் இரும்பு அலமாரிக்குள் என்ற பழைய ஏற்பாட்டுக்கு இன்னும் மாற்று வரவில்லை.

நீங்கள் கணினி ஆளாக இல்லாமல் இருக்கலாம். ஒரு பள்ளியின், மருத்துவமனையின், வங்கியின் நிர்வாகக் குழுவில் இருக்கலாம். அடுத்த கூட்டத்தில் "பேக்கப் இருக்கா?" என்று கேட்காதீர்கள், அதற்கு எல்லோரும் "இருக்கு" என்பார்கள். "கடைசியா எந்தத் தேதில ரீஸ்டோர் பண்ணிப் பார்த்தீங்க? எவ்வளவு நேரம் ஆச்சு? எத்தனை பதிவு வந்துச்சு?" என்று கேளுங்கள். மூன்று எண்கள் வர வேண்டும். வரவில்லையென்றால், வேகம் கூட்ட ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை எடுத்து, மூலையில் உட்கார்ந்திருக்கும் அந்தத் தம்பி கேட்ட மெஷினை வாங்கிக் கொடுங்கள்.